பெயர் தெரியாத பூச்சிகளுக்குக் கணக்குப் போட்டவர்

குரங்கணிக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் போன் எடுக்காது. ஜீப்பில் இறங்கி வரும்போது ஒரு வளைவில் சிக்னல் கிடைக்கும். அதுவரை வராமல் கிடந்த செய்திகள் அங்கே மொத்தமாக வந்து விழும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த வளைவில் ஜப்பாரின் அழைப்புகள் நான்கு வந்து கிடந்தன. ஜப்பார் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். திரும்பக் கூப்பிட்டேன்.

"சார், அக்கா மவுத்தாயிட்டாக. சுபுஹு தொழுதுட்டுச் சாஞ்சாக, எந்திரிக்கல. அஸருக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்க."

அக்கா என்று அவர் சொன்னது தன் உடன்பிறந்த சபுரா பேகத்தை. நம் கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் கணிதம் நடத்தி, இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்ற சபுரா மேடம். மலையில் அவருக்கு டீச்சரம்மா என்று பெயர். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரை வகுப்பில் அறிந்தவர்கள், மீதிப் பேர் தோட்டத்தில் அறிந்தவர்கள். இரண்டு இடத்திலும் அவரை அறிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி என்னிடம் வந்தார்கள். "நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க சார்" என்றார் விவசாயிகள் சங்கச் செயலாளர். நாலு வார்த்தையில் முடிகிற விஷயமாக இது இல்லை.

நாங்கள் நண்பர்கள் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கல்லூரிக்கு விலங்கியல் நடத்த வந்தது விரும்பி அல்ல. அதற்கு முன் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிகளைப் பற்றி வேலை பார்த்தேன். ஏலச்செடியின் தண்டைத் துளைக்கும் புழுவைப் பற்றி நான் நான்கு வருஷம் மழையில் நனைந்து எழுதியதை என் மேலதிகாரி தன் பெயரில் வெளியிட்டார். கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். வேலையை விட்டு வந்துவிட்டேன். இந்தக் கதையை ஆசிரியர் அறையில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன் என்பது என்னுடன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சபுரா மேடமும் கேட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் முழுவதாக.

பிறகு துணை முதல்வர் பதவி வந்தது. எனக்கு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவருக்குக் கொடுத்தார்கள். அவர் கேட்டு வாங்கவில்லை என்பது தெரிந்தும் நான் அந்தப் பருவம் முழுவதும் அவருடன் பேசவில்லை. அவர் தினமும் காலையில் "சாப்ட்டாச்சா சார்?" என்று கேட்பார். நான் பதில் சொல்லாததை அவர் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். நான் பேசாமல் இருப்பது அவருக்குத் தெரியவே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் பாடம் கணிதம் என்றாலும் அதில் ஒரு பகுதியில்தான் அவருக்கு உயிர். ஒன்றை ஒன்று பாதித்துக்கொண்டே இருக்கும் பல பொருள்கள் காலம் போகப் போக என்ன ஆகும் என்பது அந்தப் பகுதி. அந்தப் பொருள்கள் எவை என்பதைப் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது. கரும்பலகையில் 'அ' என்றும் 'ஆ' என்றும் எழுதி, 'அ' கூடினால் 'ஆ' கூடும், 'ஆ' கூடினால் 'அ' குறையும் என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் நடத்துவார். அடுத்த வகுப்பில் எனக்குப் பாடம் இருந்தால் நான் வாசலில் நின்று கேட்க வேண்டியிருக்கும். இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று ஒரு நாள் அவரிடமே கேட்டேன். "எதுக்குப் பிரயோசனம்னு இப்பவே தெரிஞ்சா அது அதுக்கு மட்டும்தான் சார் பிரயோசனப்படும்" என்றார். வாய்ச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி மலைக்கு வருகிறேன். எங்கள் சரிவில் முப்பது முப்பத்தைந்து தோட்டங்கள், எல்லாம் சிறியவை. என்னுடையது ஆறு ஏக்கர். ஆராய்ச்சி நிலையத்தை விட்டதால் ஓய்வூதியம் கிடையாது, கல்லூரி தனியார் கல்லூரி. எனக்கென்று இருப்பது அந்த ஆறு ஏக்கர்தான். ஏலச்செடிக்கு ஒரு சின்னப் பேன் உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இலையுறைக்குள்ளும் பூவுக்குள்ளும் இருந்துகொண்டு பிஞ்சைச் சுரண்டும். சுரண்டிய காய் சொறி பிடித்து வரும். சொறிக்காயை, ஏலம் விடும் மையத்தில் வியாபாரி விரலால் தள்ளிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போய்விடுவார். அதனால் எல்லோரும் மருந்து அடிப்போம்.

எப்போது அடிப்பது என்பதற்கு எங்கள் சரிவில் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டார் சத்தம் கேட்டால் மறுநாள் நாமும் அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து தப்பிய பேன் எல்லாம் நம் தோட்டத்துக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. சத்தம் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்ததற்கு என்று பத்து நாளில் சரிவு முழுக்கப் போய் வரும். படித்தவன் என்ற முறையில் இதைச் சீர்செய்ய நினைத்தேன். பத்து நாள் இழுப்பானேன்? எல்லோரும் ஒரே நாளில் அடித்தால் பேனுக்கு ஓட இடமே இருக்காது. வருஷம் முழுவதற்கும் தேதி குறித்து, அச்சடித்து, தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குத் தேதி சார் என்று பெயர் வந்தது. முதல் வருஷம் காய் பளபளவென்று வந்தது. என் வாழ்க்கையில் நாலு பேர் கும்பிட்ட வருஷம் அது ஒன்றுதான்.

ஆசிரியர் அறையில் அதைச் சொன்னேன். அப்போது மேடத்துடன் மீண்டும் பேச ஆரம்பித்திருந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். அவர் மட்டும், "ஏன் சார் நல்லா வந்துச்சு?" என்று கேட்டார்.

"ஏன்னா? எல்லாரும் ஒரே நாள்ல அடிச்சோம்."

"அது என்ன செஞ்சீங்கன்னு சொல்றீங்க. ஏன்னு கேக்குறேன்."

"மேடம், தப்பாப் போனா ஏன்னு கேளுங்க. சரியாப் போனதுக்கு எதுக்கு விசாரணை?"

"தப்பாப் போனா எல்லாரும் கேப்பாங்க" என்றார். அத்துடன் விட்டுவிட்டார்.

மூன்றாம் வருஷம் அவர் மறுபடி கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. முன்பு வருஷத்துக்கு எட்டு முறை அடித்த இடத்தில் பன்னிரண்டு முறை அடித்தோம், அப்படியும் சொறி. மருந்தை மாற்றினோம். அடித்த இரண்டு வாரம் நன்றாக இருக்கும். பிறகு முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். இதில் ஒரு தோட்டம் மட்டும் தப்பியது. சரிவின் மேல் ஓரத்தில் இருக்கும் செல்லப்பாண்டியின் தோட்டம். ராசிங்காபுரத்துக்காரர், வாய் கொஞ்சம் நீளம். நாங்கள் எல்லோரும் அடிக்கும் அதே மருந்தை அதே தேதியில்தான் அவரும் அடித்தார், அல்லது அப்படிச் சொன்னார். எங்கிருந்தோ வேறு மருந்து வாங்கி வந்து யாருக்கும் சொல்லாமல் கலந்து அடிக்கிறார் என்பது என் முடிவு. அதனால் அவருடன் பேச்சை நிறுத்தினேன். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

மேடம் என் குறிப்பேட்டைக் கேட்டார். வாரம் தவறாமல் செடிக்கு எத்தனை பேன் என்று எண்ணி எழுதுவது என் பழக்கம். கொடுத்தேன், அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்ற நம்பிக்கையில். நாலைந்து நாள் கழித்து ஒரு தாளுடன் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். வழக்கம்போல 'அ', 'ஆ'.

"'அ' செடியைத் திங்குது. 'ஆ' அந்த 'அ'வைத் திங்குது. மருந்து ரெண்டையும் கொல்லுது. சரிதானே?"

"அந்த 'ஆ' என்ன பூச்சி மேடம்?"

"எனக்குத் தெரியாது."

"பேர் தெரியாத பூச்சிக்கு வைத்தியமா?"

"பேர் தெரிஞ்சா அதப்பத்தி ஏற்கெனவே தெரிஞ்சத மட்டும்தான் பாப்பீங்க" என்றார். பிறகு விரலால் தாளில் காட்டிச் சொன்னார். மருந்துக்குப் பிறகு மிஞ்சும் 'அ'வுக்குச் சாப்பாடு சுற்றிலும் இருக்கிறது, அது உடனே பெருகும். மிஞ்சும் 'ஆ'வுக்குச் சாப்பாடு இல்லை, ஏனென்றால் 'அ'வைத்தான் கொன்றுவிட்டோமே. அது பட்டினியில் செத்து, 'அ' நன்றாகப் பெருகிய பிறகுதான் மெதுவாகத் தேறும். அதற்குள் அடுத்த தேதி வந்துவிடும். இப்படி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் லாபம் 'அ'வுக்குத்தான். முன்பு மோட்டார் சத்தம் பத்து நாள் இழுத்துக்கொண்டு போனபோது, அடிக்காத பக்கத்துத் தோட்டத்தில் 'ஆ' ஒதுங்கியிருந்து திரும்பி வந்தது. ஒரே தேதி வைத்து அந்த ஒதுங்கும் இடத்தையும் எடுத்தாயிற்று. இந்தக் கணக்கு புதிது இல்லை, கடல் மீன்களைப் பற்றி நெடுங்காலத்துக்கு முன்பே ஒருவர் போட்டது என்றும் சொன்னார்.

இதுவரைக்கும் என்னால் மறுத்துப் பேச முடிந்தது. புத்தகத்தில் இப்படி ஆயிரம் இருக்கும் என்றேன். சாவி பூட்டு என்று ஓர் உவமை சொல்லி அவரை மடக்கப் பார்த்தேன். "உவமை வேண்டாம் சார். பாதி மலைல எறக்கி விட்டுட்டுப் போயிரும். கணக்குத்தான் மேல வரைக்கும் வரும்" என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இது சரின்னா, காட்டை ஒட்டி இருக்குற தோட்டம் மட்டும் தப்பிச்சிருக்கணும். காட்டுல யாரும் மருந்தடிக்க மாட்டாங்க இல்லையா? 'ஆ' அங்கருந்து வெரசா வந்துரும். அந்த மாதிரித் தோட்டம் ஏதாவது இருக்கா சார்?"

அவர் அதுவரை மலைக்கு வந்ததில்லை. செல்லப்பாண்டியை அவருக்குத் தெரியாது. அந்தத் தோட்டத்தின் இரண்டு பக்கமும் காடு என்பது எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். இரண்டு வருஷம் ஒரு மனிதனை மருந்துத் திருடனைப்போல வெறுத்ததற்கு விடை, இதுவரை மலை ஏறாத ஒருவரின் தாளில் இருந்தது. ஒரு கோட்பாட்டால் என்ன பயன் என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், நான் தினமும் பார்த்தும் பார்க்காத ஒன்றை அது இருக்கிறதா என்று கேட்டது என்பேன். அன்று அப்படிச் சொல்லவில்லை. "பாத்துச் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டேன்.

அடுத்து நான் செய்தது நல்ல எண்ணத்தில் செய்ததல்ல. போடியில் நடந்த சங்கக் கூட்டத்துக்கு அவரை அழைத்தேன். தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகளில் அவர் திணறுவார், விஷயம் அங்கேயே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். செல்லப்பாண்டி ஆரம்பித்துவைத்தார்.

"டீச்சரம்மா, ஏலச்செடிய நேர்ல பாத்துருக்கீகளா?"

"இல்லண்ணே. காயைப் பாயாசத்துல பாத்துருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மீன் கணக்கைச் சொன்னபோது, "மலைல மீனுக்கு எங்க போறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மீனுக்கு நான் போகல. அதே கணக்குத்தான்னு சொல்றேன். ரெண்டு ரூபாயும் மூணு ரூபாயும் சேந்தா அஞ்சு. ஆடும் மாடும்னாலும் அதே அஞ்சுதான" என்றார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. செல்லப்பாண்டியின் தோட்டத்தைப் பற்றி அவர் சொன்னதும் செல்லப்பாண்டி எழுந்து என் பக்கம் திரும்பினார். "நான் அதே மருந்துதான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நம்புனீகளா? எங்கள விடுங்க, டீச்சரம்மா சொன்னா நம்புவீகள்ல." பிறகு மேடத்திடம் நேராகக் கேட்டார்: "அப்ப இந்தச் சொறிக்கெல்லாம் காரணம் சாரோட தேதிதானா?"

மேடம் என்னைப் பார்த்தார். சுற்றி வளைத்திருக்கலாம், வேறு எவராக இருந்தாலும் வளைத்திருப்பார்கள். "ஆமாண்ணே" என்றார்.

முப்பது பேர் முன்னால். நான் கூட்டிக்கொண்டு வந்த ஆள். அந்த ஒரு வார்த்தையை நான் மன்னிக்க ரொம்பக் காலம் ஆயிற்று.

அன்றே முடிவானது. சரிவை மேலிருந்து கீழாக மூன்று பட்டையாகப் பிரிப்பது. ஒரு சமயத்தில் ஒரு பட்டை மட்டும் அடிக்கலாம், அதுவும் பேன் எண்ணிக்கை எல்லை மீறினால் மட்டும். மற்ற இரண்டும் சத்தம் கேட்டாலும் கை வைக்கக்கூடாது. எந்தப் பட்டை முதலில் என்று சீட்டுக் குலுக்கினார்கள். என் பட்டைக்குக் கடைசிச் சீட்டு விழுந்தது. கோடை முடிந்து, செடியின் அடியில் சரம் விட்டுப் பூவெடுக்கும் நேரம். பேனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த நேரத்தில் என் ஆறு ஏக்கரை மருந்து இல்லாமல் நிறுத்தி வைக்க வேண்டும்.

நிறுத்தி வைத்தேன். ஏழாவது வாரம் பெருமாயி என்னிடம் வந்தார். எங்கள் தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களுக்குத் தலைவி, ஐம்பது வயதுக்காரர். கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் நாலைந்து பிஞ்சுகள், எல்லாம் சொறி.

"சார், அந்தம்மா கணக்கு நோட்டுல சரியா இருக்கும். இது செடி. நாளைக்கே அடிங்க. இல்ல, எங்களுக்கு எடுக்கச் சோலி இருக்காது."

வளைவு வரைக்கும் நடந்து போய் மேடத்துக்குப் போன் செய்தேன். என்ன பேசினேன் என்று எழுத விரும்பவில்லை. அவர் பதிலுக்கு, "நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

வந்தார். முழங்கால் வலிக்காரர். ஜீப்பில் பின்னால் தொழிலாளர்களுடன் உட்கார்ந்து, காய் உலர்த்தும் ஸ்டோர் வரைக்கும் வந்து சேர்ந்தார். அதற்கு மேல் செடிக்குள் ஏற முடியவில்லை. ஸ்டோர் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "இங்க கொண்டாங்க" என்றார். இலையுறை, பூ, பிஞ்சு எல்லாவற்றையும் பெருமாயி ஒரு முறத்தில் கொண்டுவந்து வைத்தார். அவர் வாழ்க்கையில் முதல்முதலாக ஏலச்செடியின் இலையைத் தொட்டது அன்றுதான். என் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"இதுல என்ன சார் எண்ணிருக்கீங்க?"

"பேன்."

"பேனைத் திங்கிறது?"

அதை நான் எண்ணியிருக்கவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவன், உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவன்.

"எதிரிய மட்டும் எண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பரீட்சைத் தாளில் விட்டுப்போன கேள்வியைக் காட்டுகிற மாதிரி சொன்னார்.

அன்று மாலை வரை மூன்று பேரும் அந்தப் படியில் உட்கார்ந்து எண்ணினோம். சின்னச் சிலந்திகள், ஊசி முனை அளவுக்கு ஓடுகிற ஒரு பூச்சி, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. பெருமாயியின் கண் எங்கள் இருவரையும்விடக் கூர்மை. "இந்தா ஓடுறான், இந்தா ஒளியிறான்" என்று குச்சியால் காட்டிக்கொண்டே இருந்தார். மேடம் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மறு வாரமும் எண்ணிச் சொல்லுங்கள், 'ஆ' கூடியிருந்தால் மருந்தடிக்காதீர்கள், கூடாவிட்டால் அடித்துவிடுங்கள், என் கணக்குத் தப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"கூடுனா எத்தன நாள்ல சரியாகும்?"

"திசை தெரியும் சார். நாள் தெரியாது. பத்து நாளுன்னு தோணுது."

மறு வாரம் கூடியிருந்தது. ஆனால் பத்து நாளில் சரியாகவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. ஒரு சுற்றுக் காய் எடுப்பு முழுவதும் சொறிக்காயாகவே போயிற்று. பெருமாயியின் ஆட்களில் பாதிப் பேர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த எடுப்பில் காய் தேறியது. அதற்கடுத்ததில் பளிச்சென்று இருந்தது. பூவில் தேனீ மொய்ப்பதைப் பல வருஷத்துக்குப் பிறகு அந்தச் சமயத்தில்தான் பார்த்தேன். மேடத்திடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரு மாதம் ஆனதைப் பற்றி. ஒரு வாரம் கழித்துத் தாளுடன் வந்தார். "தப்பு என்னோடது சார். இத்தன வருஷம் அடிச்சதோட மிச்சம் மண்ணுலயும் தழையிலயும் இருக்கும். அத நான் சேக்கல. உங்க ஒரு எடுப்பு அதுல போயிருச்சு." முப்பது பேர் முன்னால் என் தப்பைச் சொன்ன அதே குரலில்தான் தன் தப்பையும் சொன்னார். கூட்டத்தில் கேட்ட அந்த "ஆமாண்ணே"வின் மேல் எனக்கிருந்த கோபம் அன்று பாதி குறைந்தது.

மூன்று வருஷத்தில் பட்டை முறை எங்கள் சரிவில் நிலைத்துவிட்டது. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் இப்போது யாரும் அடிப்பதில்லை. பக்கத்துச் சரிவுகளிலிருந்து பார்க்க வந்தார்கள். ஒரு நாள் போடியில் விழா வைத்தார்கள். மேடையில் இருந்தவர்கள் இந்த யோசனை யாருடையது என்று மைக்கில் கேட்டார்கள். "எங்க தேதி சாரோடது" என்று கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது. ஆரம்பக் கூட்டத்துக்கு வராத தோட்டக்காரர்கள் அதற்குள் நிறையச் சேர்ந்திருந்தார்கள், அவர்களுக்கு என்னைத்தான் தெரியும். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். சால்வை போட்டார்கள். பேசச் சொன்னார்கள், பேசினேன். எண்ணிக்கை எடுக்கும் விதம், பட்டை பிரிக்கும் விதம் எல்லாம் சொன்னேன். பேச்சின் கடைசியில், கல்லூரியின் கணிதத் துறைக்கும் நன்றி என்றேன்.

மேடம் மூன்றாவது வரிசையில் இருந்தார். கைதட்டினார். வெளியே வந்தபோது, "எண்ணுற விதத்த நல்லாச் சொன்னீங்க சார். எனக்கே இப்பத்தான் புரிஞ்சது" என்றார். கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பூவெடுப்புக்கும் ஜீப்பில் வந்து, ஸ்டோர் படியில் உட்கார்ந்து எண்ணிவிட்டுப் போனார். அந்த விழாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மேலதிகாரி கடைசிப் பக்கத்தில் எனக்குச் சொன்ன நன்றியைப் பற்றி நான் அவரிடம் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளாவது சொல்லிக்காட்டுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் பதிலுக்குச் சொல்ல நான் ஏதாவது தயார் செய்திருப்பேன்.

அடக்கம் முடிந்து பள்ளிவாசல் வாசலில் ஜப்பார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா வீட்ல எப்பவும் சொல்லும் சார். நம்ம கணக்கு மலைல நடக்குதுடா, நானும் சாரும் போட்டதுன்னு. ரெண்டு பேரும் சேந்துதான போட்டீக?"

"ஆமா" என்றேன். அங்கே நின்று வேறென்ன சொல்வது. ஆனால் அது பொய். அவருக்கு நான் கொடுத்தது பாதி எண்ணிய ஒரு குறிப்பேடு.

மூன்றாம் நாள் சங்க அலுவலகத்துக்குப் போனேன். இந்த வருஷப் பட்டை அட்டவணை அச்சுக்குப் போக இருந்தது. அதன் தலைப்பில் என் பெயர் இருக்கும். அதை எடுத்துவிட்டு சபுரா பேகம் என்று போடச் சொன்னேன். செல்லப்பாண்டி இப்போது சங்கத்தில் பொருளாளர், அங்கே உட்கார்ந்திருந்தார்.

"இத இத்தன நாளாச் சொல்லலயே சார்?"

"யாரும் கேக்கல."

"மேடையில மைக்குல கேட்டாக, சார்."

"அன்னைக்கு நீங்களும் அங்கதான இருந்தீக?"

"இருந்தேன். நீங்களே சொல்லுவீகன்னு இருந்தேன்." தாளைத் தன் பக்கம் இழுத்து, என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதிவிட்டு, எழுத்து சரியா என்று என்னிடம் காட்டினார். சரிதான் என்றேன்.

மேடத்திடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது, இந்த வருஷம் நான் வாங்கிய குறிப்பேட்டில் அவர் சொன்னபடி பிரித்த இரண்டு பக்கங்கள். இடது பக்கம் பேன். வலது பக்கம் பேனைத் தின்பவை. இடது பக்கத்தை எண்ணுவது சுலபம், அவை உட்கார்ந்த இடத்தில் இருக்கும். வலது பக்கம் ஓடும், ஒளியும், நேரம் எடுக்கும். இந்தப் பூவெடுப்பில் பெருமாயியும் நானும் வலது பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறோம்.